மேல் நடுப்பகுதி விலக்கு

நான் பேண்டு செட்டில் பெரிய டிரம் அடிக்கிறவன். பெயர் வின்சென்ட். தொழிலுக்கு எனக்கு இரண்டு கையும் ஒரு தோள்பட்டையும் போதும். வாயில் ஒரு பல் இல்லாவிட்டாலும் என் பிழைப்பு ஓடும். அப்படிப்பட்டவனுக்கு முப்பத்திரண்டு பல்லையும் கல்லாகக் கொடுத்துவிட்டு, டிரம்பெட் ஊதுகிற என் மச்சான் தோமினிக்குக்குக் கடவுள் ஈறு நோயைக் கொடுத்தார். இது என்ன நியாயம் என்று பங்குச் சாமியாரிடமே கேட்டேன். ஜெபம் பண்ணச் சொன்னார். ஜெபத்தோடு நிறுத்தியிருக்கலாம். நாங்கள் அளவு கொடுக்கப் போனோம்.

தோமினிக் என் அக்கா தெரசம்மாளின் வீட்டுக்காரர். எடப்பாடிக்குப் பக்கத்தில், நாள் பூராவும் தறிச் சத்தம் கேட்கிற ஊர் எங்களுடையது. செப்டம்பரில் மாதா திருநாளன்று தேர் தூக்கப் பன்னிரண்டு பேர் தோள் கொடுத்துக் குனிந்து நிற்பார்கள். மச்சான் டிரம்பெட்டை எடுத்து ஒரு இழு இழுப்பார். அதற்கப்புறம்தான் தேர் எழும்பும். அவர் ஊதாமல் தூக்கக் கூடாது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. ஆனால் இருபத்தாறு வருஷமாக ஒருவரும் தூக்கியதில்லை.

டிரம்பெட் ஊத, மேலே முன்பல் இரண்டும் அசையாமல் நிற்க வேண்டும். உதடு அதன்மேல்தான் சாயும். மச்சானுக்கு மேல்வரிசை முன்பக்கத்து ஆறு பல்லில் மூன்று முன்னமே போய்விட்டன. மிச்சம் ஒரு கோரைப்பல்லும் அந்த இரண்டு முன்பல்லும்தான். அந்த இரண்டும் போன கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆட ஆரம்பித்தன.

"மாப்பிள்ளை, நான் ஊதுனா பல்லும் கூடச் சேந்து ஊதுதுடா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

எடப்பாடியில் ஒரு பல் டாக்டரைப் பார்த்தோம். நல்ல மனிதர். ஈறுக்குள்ளே ஆழமாகச் சுத்தம் பண்ணி, ஆடுகிற பல்லைப் பக்கத்துப் பல்லோடு கம்பி வைத்துக் கட்டினால் இன்னும் பத்து வருஷம் நிற்கும் என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குள் ஊருக்குள் மைக் ஆட்டோ வந்துவிட்டது.

"அன்பார்ந்த பொதுமக்களே! மண்டல ஈறுநோய்த் தீவிர அளவீட்டு மையத்தின் சார்பில், நாளை காலை பத்து மணிக்குப் பங்கு மண்டபத்தில் உங்கள் ஈறு இலவசமாகப் பார்க்கப்படும். ஈறு உள்ள அனைவரும் தவறாமல் வரவும்!"

எங்கள் ஊரில் ஈறு என்ற சொல் காதில் விழுந்தால் பெண்பிள்ளைகளுக்குக் கை தலைக்குத்தான் போகும். பேன் இடுகிற முட்டைக்கு அதுதான் பேர். பல்லுக்கு அடியில் இருப்பதை நாங்கள் பல்லுச் சதை என்போம். மறுநாள் காலையில் நாற்பத்தொரு பெண்கள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு மண்டபத்து வாசலில் நின்றார்கள். தறி ஓட்டுகிற பழனியம்மாள் கையோடு பேன்சீப்பும் ஒரு வெள்ளைத் துணியும் கொண்டுவந்திருந்தாள்.

"ஏனுங்க சார், என்ற தலையில ஈறு கம்மிதானுங்க. என்ற மருமவளுக்குத்தான் எச்சா. அவளையும் கூட்டியாரட்டுங்களா?" என்றாள்.

"வாயைத் திறங்கம்மா" என்றார் அங்கே நாற்காலியில் இருந்தவர்.

"தலையப் பாக்கறதுக்கு வாயை எதுக்குங்க சார் தொறக்கோணும்?"

அந்த நாற்காலிக்காரர் தண்டாயுதபாணி. மையத்தின் ஒருங்கிணைப்பாளர். ஆளைப் பார்த்தால் சலவைச் சட்டை, பாக்கெட்டில் நான்கு பேனா. விஷயம் புரிந்ததும் பெண்கள் வெட்கப்பட்டுக் கொண்டையை முடிந்து கிளம்பப் பார்த்தார்கள். அவர் விடவில்லை. "வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாச்சு. தலையோட வந்தாலும் வாயோட வந்தாலும் வருகை வருகைதான். உட்காருங்க" என்றார். பழனியம்மாளுக்கும் பல்லுச் சதை ஒரு வருஷமாகவே வீங்கிக் கிடந்தது. இடது பக்கம் மெல்ல முடியாது. சரி, வந்தது வந்தோம் என்று உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு தண்டாயுதபாணி பேசினார். அந்தப் பேச்சை நான் மறக்கவில்லை.

"பொதுமக்களே, நோயைக் குணப்படுத்த யாராலும் முடியும். அளக்க எங்களால்தான் முடியும். ஒரு டாக்டர் ஒரு வாயைப் பார்ப்பார். நாங்கள் ஜனத்தொகையைப் பார்க்கிறோம். வாய்க்கு வலிக்கும், ஜனத்தொகைக்கு வலிக்காது. அதனால்தான் எங்களால் பதற்றமில்லாமல் வேலை செய்ய முடிகிறது. நான் இருபத்திரண்டு வருஷமாக ஈறு அளக்கிறேன். இன்றுவரை ஒரு ஈறைக்கூட நான் குணப்படுத்தியதில்லை என்பதை இந்த மேடையில் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

எல்லோரும் கை தட்டினோம். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும், நானும் தட்டினேன்.

கடைசியில் அவர் சொன்ன ஒரு விஷயம்தான் எங்களைக் கட்டிப்போட்டது. மண்டலத்தில் முப்பது ஊரை அளக்கிறார்கள். எந்த ஊரில் நோய் அதிகமோ அந்த ஊருக்கு வைத்திய வண்டி வரும். நாற்காலி, மெஷின், கம்பி, டாக்டர் எல்லாம் உள்ளேயே இருக்குமாம். ஒரு மாதம் ஊரிலேயே நின்று எல்லோருக்கும் பார்ப்பார்களாம். எங்கள் ஊருக்கு அவர்கள் வைத்த பேர் கொத்து பதினேழு. அதுவரை எங்கள் ஊருக்கு ஒரு நல்ல பேர் இருந்தது.

அளந்தது தீபிகா என்கிற சின்ன வயசு டாக்டர். மெல்லிய கம்பி ஒன்று வைத்திருந்தார். நுனியில் கடுகைவிடச் சின்னதாக ஒரு குண்டு, அதற்கு மேலே ஒரு கறுப்புக் கோடு. வாயை ஆறு பகுதியாகப் பிரிப்பார்களாம். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் கம்பியை விட்டு எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்ப்பார்கள். அதற்கு ஒரு எண் போடுவார்கள், இங்கிலீஷில் 'கோடு' (code) என்பார்கள். சுழியம் போட்டால் ஆரோக்கியம். ஒன்று ரத்தம், இரண்டு பல்லில் படிந்த காரை. மூன்றும் நாலும் பை, அதாவது பல்லை விட்டு ஈறு விலகி விழுந்த குழி. கறுப்புக் கோடு முழுக்க ஈறுக்குள் மறைந்துவிட்டால் நாலு.

"ஒரு பகுதியில் ரெண்டு பல்லாவது இருக்கணும். இல்லேன்னா அந்தப் பகுதிக்கு விலக்குன்னு போட்டுடுவோம். கணக்கில் வராது" என்றார் தீபிகா. அப்போது அதை யாரும் காதில் வாங்கவில்லை.

மச்சான் வாயைத் திறந்தார். தீபிகா கம்பியை முன்பல் பக்கம் விட்டார். கோடு மறைந்தது. இன்னும் கொஞ்சம் போனது.

"உங்களுக்கு ஏழு மில்லிமீட்டர் பை இருக்குங்க" என்றார் மெதுவாக.

"பை எதுவும் கொண்டாரலீங்களே" என்றார் மச்சான்.

தண்டாயுதபாணி நாற்காலியிலிருந்து எழுந்து ஓடி வந்தார். "ஏழா? நாலு! கோடு நாலு!" என்று கூவினார். கணினி வைத்திருந்த மதனும் ஓடிவந்தார். ஆளாளுக்குக் குனிந்து மச்சானின் வாய்க்குள் பார்த்தார்கள். முந்தைய பதினாறு ஊரிலும் இவ்வளவு சுத்தமான நாலு கிடைக்கவில்லையாம். தண்டாயுதபாணி மச்சானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மச்சானும் ஏதோ பரிசு விழுந்ததாக நினைத்து எல்லோரையும் பார்த்துத் தலையாட்டினார்.

"சார், அப்பிடியே ஆடற பல்லுக்கு ஒரு கம்பியும் கட்டிப்போட்டீங்கன்னா…" என்றார்.

"இது அளக்கிற மேஜை" என்றார் தண்டாயுதபாணி. "வைத்தியம் வண்டியோடு வரும். நீங்க இனிமே சாதாரண ஆள் இல்லை. தொடர் மாதிரி, அதாவது சாம்பிள். ஆகஸ்டில் உங்களை மறுபடி அளப்போம். அதுவரைக்கும் அந்தப் பல்லில் யாரும் தலையிடக் கூடாது. தலையிட்டால் நோய் குறையும். நோய் குறைந்தால் உங்க ஊர் பின்னால் போயிடும். வண்டி வேறு ஊருக்குப் போயிடும்."

ஒரு அட்டை எழுதிக் கொடுத்தார். மச்சானின் போட்டோ, கீழே 'மாதிரி. தலையிடக் கூடாது.'

"உப்புத் தண்ணியில கொப்புளிக்கலாங்களா?"

"தலையீடு."

"வேப்பங்குச்சி?"

"தலையீடு."

"ஜெபம் பண்றோமுங்க" என்றாள் என் அக்கா தெரசம்மாள், பின்னாலிருந்து.

தண்டாயுதபாணி யோசித்தார். மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். இரண்டு வாரம் கழித்துத் தபாலில் பதில் வந்தது. 'பார்வையில் காணும் கொத்து எண் 17, மாதிரி எண் 4 தொடர்பாக: பொதுவான ஜெபம் அனுமதிக்கப்படுகிறது. குறிப்பிட்ட பல்லைப் பெயர் சொல்லி வேண்டுவது தவிர்க்கப்பட வேண்டும்.' அக்கா அதைப் படித்துவிட்டு அழுதாள். அப்புறம் அழுகையும் தலையீடா என்று கேட்டு ஒரு கடிதம் போடு என்று என்னிடம் கத்தினாள்.

அளந்த கையோடு, முன்னமே சொல்லியிருந்த அந்தச் செவ்வாய்க்கிழமையே எடப்பாடி டாக்டரிடம் போயிருந்தோம். அட்டையைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றிவிட்டார். "எனக்கெதுக்குங்க வம்பு" என்றார். சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் அட்டையைக் காட்டாமல் வரிசையில் நின்றோம். மச்சான் பேரைத் தட்டியதும் கணினியில் சிவப்பாக எழுத்து வந்தது. அங்கிருந்த அம்மா கணினியைப் பார்த்தாள், மச்சானைப் பார்த்தாள், அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

நான் மச்சானிடம் சொன்னேன். "அட்டையைக் கிழிச்சுத் தூரப் போடு மச்சான். கரூர்ப் பக்கம் போயிரலாம். அங்க நம்மளை யாருக்குத் தெரியும்? வண்டியும் வேண்டாம், மண்ணும் வேண்டாம்."

அவர் சரியென்றுதான் இருந்தார். அன்றைக்குச் சாயங்காலம் பழனியம்மாள் வந்தாள். கன்னத்தில் துணி கட்டியிருந்தாள்.

"சாமி, உங்க பல்லை வெச்சுத்தான் நம்மூருக்கு வண்டி வருதாம். எனக்குச் சோறு திங்க முடியல. ஆகஸ்டு வரைக்கும் பொறுத்துக்கங்க சாமி" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

மச்சான் என்னைப் பார்த்தார். "அஞ்சாறு மாசந்தானே மாப்பிள்ளை. வண்டி வந்தா மொத ஆளாப் போயிக் கட்டிக்கறேன். தேருக்கு முந்தியே ஆயிரும்" என்றார். அப்போதே அவரை இழுத்துக்கொண்டு போய் பஸ் ஏற்றியிருக்க வேண்டும். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த ஆறு மாதமும் அவர் டிரம்பெட்டைத் தொடவில்லை. கல்யாணங்களுக்கு வேறு ஆளை வைத்து ஓட்டினோம். சோற்றைப் பிசைந்து கூழாக்கித்தான் விழுங்கினார். தும்மல் வந்தால் இரண்டு விரலால் பல்லைப் பிடித்துக்கொண்டு தும்முவார். ஒரு தாய் பிள்ளையைக் காப்பாற்றுவது மாதிரி அந்த இரண்டு பல்லையும் காப்பாற்றினார்.

ஆகஸ்டு வந்தது. மறுபடி அளப்பதற்கு முன்னால் ஒரு சடங்கு இருந்தது. சேலத்தில் ஒரு ஹாலுக்கு மச்சானைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் போனேன். அங்கே இருபத்திரண்டு அளவீட்டாளர்கள் கம்பியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். அளக்கிறவர்கள் எல்லோருக்கும் கை ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம். ஒரே பல்லை இருபத்திரண்டு பேரும் அளந்து, ஒரே எண் வருகிறதா என்று பார்ப்பார்களாம். அதற்கு நல்ல நாலு வேண்டும். மச்சானைவிட நல்ல நாலு மண்டலத்தில் இல்லை.

முதல் ஆள் ஏழு என்றார். இரண்டாம் ஆள் ஏழு. ஐந்தாம் ஆள் ஏழரை. பதினோராம் ஆள் எட்டு. மச்சானின் கடைவாயில் ரத்தம் ஒழுகியது.

"அளவு ஒத்துப்போகலை" என்றார் தண்டாயுதபாணி வருத்தமாக. "முதலிலிருந்து ஆரம்பிங்க."

"சார், ஒத்துப்போகாததுக்குக் காரணம் நாமதான் சார்" என்றார் தீபிகா. "குத்தக் குத்த ஆழம் கூடுது. இவருக்குப் பல் தாங்காது. நிறுத்திடலாம் சார்."

"டாக்டர், நீங்க ஒரு வாயைப் பார்த்துப் பேசறீங்க" என்றார் அவர். "இன்னிக்கு உடன்பாடு வரலைன்னா முப்பது கொத்தின் அளவும் செல்லாது. லட்சக்கணக்கான ஈறு இவரை நம்பி இருக்கு."

நான் எழுந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத முடியாது. என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். மச்சான்தான் கையைக் காட்டி அமர்த்தினார். வாய்க்குள் கம்பி இருந்ததால் பேச முடியவில்லை. வண்டி, வண்டி என்று கையாலேயே ஸ்டியரிங் பிடித்துக் காட்டினார்.

இரண்டாம் சுற்றில் எட்டு, எட்டரை, ஒன்பது. மூன்றாம் சுற்றில் ஆறாவது ஆள் கம்பியை வெளியே எடுத்தபோது ஒரு முன்பல்லும் கூடவே வந்தது. அவர் அதைக் கம்பி நுனியில் பார்த்துவிட்டு, தான் செய்தது முறைப்படி சரியா என்று தண்டாயுதபாணியைக் கேட்டார். இன்னொரு பல் மச்சானின் மடியில் இருந்த ரத்தம் துடைக்கிற துணியில் கிடந்தது. அது எப்போது விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

தண்டாயுதபாணி குனிந்து பார்த்தார். மேல்வரிசை முன்பக்கத்தில் கோரைப்பல் ஒன்றுதான் நின்றது.

"ஒரே பல். பகுதி விலக்கு" என்றார். "எல்லோரும் வரிசையாக வந்து பார்த்து எழுதுங்க."

இருபத்திரண்டு பேரும் வந்தார்கள். இருபத்திரண்டு பேரும் விலக்கு என்று எழுதினார்கள். மதன் கணக்குப் போட்டு, நூற்றுக்கு நூறு உடன்பாடு என்றார். மண்டலத்திலேயே முதல்முறையாம். ஹாலே எழுந்து கை தட்டியது. தீபிகா மட்டும் தட்டவில்லை. இரண்டு பல்லையும் கழுவி, ஒரு மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து, மச்சானிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

அடுத்த வாரம் ஊரில் மறு அளவீடு நடந்தது. பழனியம்மாள் காத்திருக்க முடியாமல் மே மாதமே கடைவாய்ப்பல் நாலைத் தானே நூல் கட்டிப் பிடுங்கிப் போட்டிருந்தாள். அந்தப் பகுதி விலக்கு. அவளைப் போல இன்னும் இருபது பேர். அவர்கள் எல்லோருக்கும் விலக்கு. கணக்குப் போட்டுப் பார்த்தால் கொத்து பதினேழில் நாலே இல்லை. முப்பது ஊரில் நோய் மிகக் குறைந்த ஊர் எங்கள் ஊர்.

"அப்ப வண்டிங்க சார்?" என்று கேட்டேன்.

"சேந்தமங்கலம் பக்கம் ஒரு கொத்துக்குப் போகுது. அங்கே இன்னும் பல் இருக்கு" என்றார் தண்டாயுதபாணி. "வருத்தப்படாதீங்க. உங்களுக்கு அதைவிடப் பெரிசு ஒண்ணு வருது."

வந்தது பாராட்டு விழா. ஈறு நோயை மிக வேகமாகக் குறைத்த ஊர் என்று கேடயம். மாதா திருநாளுக்கு ஒன்பது நாள் முந்தி, அதே பங்கு மண்டபத்தில். மேலேயிருந்து ஒரு இயக்குநர் வருவதாகவும் எங்கள் பேண்டு செட்டே வரவேற்பு வாசிக்க வேண்டும் என்றும் கடிதம் வந்தது. நிகழ்ச்சி நிரலில், 'டிரம்பெட்: திரு. தோமினிக் (முன்னாள் கோடு நாலு)' என்று போட்டிருந்தார்கள்.

"போக வேண்டாம் மச்சான்" என்றேன்.

"போகோணும் மாப்பிள்ளை" என்றார். இப்போதெல்லாம் அவர் பேசும்போது பாதிச் சொல் காற்றாகத்தான் வருகிறது. "இன்னும் ஒருதரம் ஊதிப் பாத்தரலாம். சத்தம் எந்திரிக்குதா இல்லையான்னு தெரியோணுமல்ல."

விழாவில் தண்டாயுதபாணி அறிக்கை வாசித்தார். "முதல் நாளன்றே தாய்மார்கள் தலை சீவக்கூட நேரமின்றி, கூந்தலை விரித்தபடியே ஈறு காக்கத் திரண்டு வந்த ஊர் இது!" என்றார். பழனியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "ஒரு ரூபாய் மருந்துகூடச் செலவில்லாமல், ஒரு டாக்டரின் கைகூடப் படாமல், வெறும் அளவீட்டாலேயே ஒரு ஊர் குணமாகும் என்று நாம் நிரூபித்திருக்கிறோம். இதோ, நமக்கெல்லாம் முன்மாதிரியான தோமினிக் அவர்கள் இப்போது வாசிப்பார்கள்."

மச்சான் மேடைக்கு நடுவில் போனார். வெள்ளை யூனிஃபாரம் போட்டிருந்தார். டிரம்பெட்டைத் துடைத்து உதட்டில் வைத்தார். தேருக்கு ஊதுகிற அதே இழுப்பைத்தான் எடுக்கிறார் என்பது அவர் தோள் எழும்பியதில் எனக்குத் தெரிந்தது. கன்னம் உப்பியது, கழுத்து நரம்பு புடைத்தது. உதடு சாய இடமில்லாமல் உள்ளே போய்விட்டது.

உஸ் என்று காற்று வந்தது. மறுபடி மூச்சை இழுத்தார். மறுபடியும் காற்றுதான்.

இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தண்டாயுதபாணி மைக்கைப் பிடித்து, "கூச்சப்படாதீங்க தோமினிக், வாசிங்க" என்றார்.

மச்சான் டிரம்பெட்டை இறக்கினார். "வாசிச்சுட்டுத்தானுங்க சார் இருக்கறேன்" என்றார்.

தண்டாயுதபாணி அவரை ஒருதரம் பார்த்தார். பிறகு மதன் பக்கம் சாய்ந்து சன்னமாகச் சொன்னார். மைக் அணைக்காமல் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"இந்த நிகழ்ச்சியை விலக்குன்னு போட்டுக்கப்பா."

நான் டிரம்மை அடித்தேன். மச்சான் எடுக்கிற இடத்தில் எடுத்து, அவர் நிறுத்துகிற இடம்வரைக்கும், என் கையில் இருந்த பலத்தையெல்லாம் போட்டு அடித்தேன். தேர் தூக்குகிற பன்னிரண்டு பேரும் முன்வரிசைப் பெஞ்சில்தான் இருந்தார்கள். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.